மேட்டு முயலின் காது

மலை முகாம்,
செப்டம்பர் 3

அண்ணிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிடாதீர்கள். சண்டைக்கு எழுதவில்லை. இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தோம். இன்னும் இருபது வருஷம் வேண்டுமானாலும் அப்படியே இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இது முயல் விஷயம். அண்ணன் புத்தக விஷயம்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மலைச்சரிவில் புதிதாகப் பழமரக் கன்று வைத்தவர்கள், முயல் பட்டையைக் கடித்து மரத்தையே சாகடிக்கிறது, சுட அனுமதி கொடுங்கள் என்று வனத்துறையிடம் கேட்டார்கள். மேட்டு முயல் என்றால் தொடக் கூடாது, சட்டம். வயல் முயல் என்றால் சுட்டுக்கொள்ளலாம். மலையில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்லத் துறை என்னை அனுப்பியது. உங்களுக்குத் தெரியாததில்லை, இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. நிறத்தை நம்ப முடியாது, பருவத்துக்குப் பருவம் மாறும். மண்டையோட்டைப் பார்த்தால் சந்தேகமே வராது, ஆனால் அதற்கு முயல் செத்திருக்க வேண்டும். உயிரோடு வைத்துக்கொண்டு சொல்ல ஒரே வழி காது. அண்ணன் புத்தகத்தில் ஐம்பத்திரண்டாம் பக்கம்: காது எண்பத்தெட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மேட்டு முயல், கூடினால் வயல் முயல்.

வலை கட்டி நாற்பத்தொரு முயல் பிடித்தேன். அளந்து அளந்து விட்டேன். மிகச் சின்னக் காது எண்பத்தொன்பது, மிகப் பெரியது தொண்ணூற்றாறு. ஒன்றுகூடக் கோட்டுக்குக் கீழே வரவில்லை. 'இங்கே இருப்பவை எல்லாம் வயல் முயல்கள்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். அக்டோபர் ஒன்றாம் தேதி காலையிலிருந்து சுடலாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

போன வாரம் சும்மா இருக்க மாட்டாமல் சமவெளிக்கு இறங்கிப் போய், வயலில் ஒன்பது முயல் பிடித்து அளந்தேன். அங்கே சின்னக் காதே நூற்று மூன்று! பெரியது நூற்றொன்பது. என் மலை முயலுக்கும் அதற்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் காலியாகக் கிடக்கிறது. எல்லாம் ஒரே இனம் என்றால் இப்படி இரண்டு குவியலாகப் பிரியுமா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் ஒவ்வொரு முயலையும் செத்த அன்றே அளந்து துண்டுச் சீட்டில் குறித்து வைத்தான். அந்தச் சீட்டுகளும் நோட்டுகளும் உங்களிடம்தான் இருக்கின்றன. அவன் போன மறுவாரம் நான் நோட்டு கேட்டேன், நீங்கள் தர மாட்டேன் என்றீர்கள், "அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று நான் கத்தினேன். சொன்னது தப்புதான். இப்போதும் நோட்டு கேட்கவில்லை. மேட்டு முயலின் காது அளவுகளை மட்டும் பார்த்து எழுதி அனுப்புங்கள், போதும். இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்
(இன்னமும் அதுதானே?)

------

அருங்காட்சியகம், பின்கட்டு,
செப்டம்பர் 9

நாத்தனாருக்கு,

இன்னமும் அதுதான். அதை மாற்ற எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உடம்பு எப்படி, வீடு எப்படி என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். முயலுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசி எனக்கும் ஒதுக்கியிருக்கலாம். போகட்டும். நீ கேட்கவில்லையானாலும் சொல்கிறேன்: முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வீட்டில் குழாய் எல்லாம் ஒழுகுகிறது, வேலையில் பாடம் பண்ண ஒரு நரி வந்திருக்கிறது, தோலில் பாதி மயிர் கொட்டிப்போய், அதைப் பார்க்கும்படி ஆக்க என் உயிர் போகிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் பன்னிரண்டு வருஷம் அலைந்து எழுதிய புத்தகம் அது. நீ நாலு மாதம் வலை கட்டிவிட்டு அதில் தப்புக் கண்டுபிடிக்கிறாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் அவசரம். முயல் துள்ளத் துள்ளக் காதைப் பிடித்து இழுத்து வைத்து அளந்தால் நாலு மில்லிமீட்டர் கூடத்தான் காட்டும். அளவுகோலை எங்கே வைத்தாய்? அடி மடிப்பிலா, தலை மயிரிலா? நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரையும் சேர்த்தாயா? இல்லாவிட்டால் மலையில் புல் குறைச்சல், வயல் முயலே அங்கே குன்றிப்போய் வளர்ந்திருக்கும். அல்லது நீ பிடித்ததில் பாதி இளசுகளாக இருக்கும். இத்தனை காரணம் இருக்கும்போது நேரே அவர் புத்தகத்தில் போய்க் கை வைப்பானேன்?

சீட்டுகளை இப்போது எடுக்க முடியாது. கூடத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள், அலமாரிகள் எல்லாம் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. அக்டோபர் ஐந்தாம் தேதி பாலூட்டிகள் கூடத்துக்கு உன் அண்ணன் பெயரை வைக்கிறார்கள். உனக்கும் அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வா. வந்தால் பார்ப்போம், வந்து சண்டை போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

புத்தகத்தில் இருப்பது சரி. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

உன் அண்ணி

------

மலை முகாம்,
செப்டம்பர் 14

அண்ணி,

முழங்காலுக்கு எழுத மறந்ததற்கு மன்னிக்கவும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இனி முயல்.

காதை இழுக்கவில்லை. இங்கே உள்ள காவலர் முயலைச் சாக்குக்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்வார், கண்ணை மூடிவிட்டால் அது அசையாது. காதை மட்டும் வெளியே எடுத்து, அடி மடிப்பிலிருந்து நுனி வரை, மயிரைச் சேர்க்காமல், மூன்று தரம் அளந்து நடு எண்ணை எடுத்தேன். இளசு என்று சொல்லாதீர்கள். பதினான்கு பெட்டைகளுக்குப் பால் கட்டியிருந்தது. தாயான பிறகும் இளசா? நான் அவசரக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எதையும் மூன்று தரம் செய்கிறேன்.

புல் குறைச்சல், குன்றிப்போன வயல் முயல் என்றீர்களே, அதையும் பார்த்துவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மலைச்சாலையில் வண்டியில் அடிபட்டு ஒரு முயல் கிடந்தது. உடம்பில் சூடுகூட ஆறவில்லை. அங்கேயே சாலையில் உட்கார்ந்து காதை அளந்தேன்: தொண்ணூற்றிரண்டு. தலையை முகாமுக்கு எடுத்துவந்து சோடா உப்புப் போட்டு வேகவைத்து எலும்பைச் சுத்தம் செய்தேன். சமையல்காரர் அந்தப் பாத்திரத்தை இனிமேல் தொட மாட்டேன் என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மேல் முன்பல்லின் வேரைப் பார்த்தேன். வயல் முயலுக்கு அது மூக்கின் பக்கத்து எலும்போடு நின்றுவிடும். இதற்கு அதைத் தாண்டிப் பின்னால், அடுத்த எலும்புக்குள் போயிருக்கிறது. மேட்டு முயல், அண்ணி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மண்டையோட்டைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தக் காதை அட்டையில் குத்தி ஜன்னலில் காய வைத்தேன். ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று தெரியாது, கை தன் பாட்டுக்குச் செய்தது. ஒன்பது நாள் கழித்து இன்று காலை அளந்தேன். எண்பத்தொன்று.

தொண்ணூற்றிரண்டாக இருந்த காது காய்ந்ததும் எண்பத்தொன்று. புத்தகத்து எண்ணாக ஆகிவிட்டது!

அண்ணன் காய்ந்த தோலில் அளந்திருக்கிறான். சீட்டில் இருந்ததை எழுதாமல், அருங்காட்சியகத்து இழுப்பறையைத் திறந்து, வருஷக்கணக்காக உலர்ந்து கிடந்த காதுகளை அளந்து அட்டவணை போட்டிருக்கிறான். முன்னுரையில் என்ன எழுதினான் தெரியுமா? எனக்கு மனப்பாடம். 'அளவுகள் அனைத்தும் விலங்கு உயிரோடு இருக்கும்போதோ இறந்த அன்றோ எடுக்கப்பட்டவை.' பொய். அண்ணன் பொய் எழுதியிருக்கிறான். ஒரு முயலையும் கொல்லாமல் அடையாளம் சொல்ல வழி வேண்டும் என்றுதானே அந்தப் புத்தகத்தையே ஆரம்பித்தான்? அதை நம்பி நான் கையெழுத்துப் போட்டு ஒரு மலையில் இருக்கும் முயல் அத்தனையையும் சுடக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. சின்ன வயதில் நான் எதற்காவது பொய் சொன்னால் "முட்டைக்கண்ணி, உன் கண்ணே காட்டிக் கொடுக்குதே" என்பான். அவனா?

துறைக்கு எழுதப் போகிறேன். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

நாத்தனார்

------

அருங்காட்சியகம்,
செப்டம்பர் 18

கண்ணு,

மண்டையோடு வந்தது. நீ சொன்னது சரி.

துறைக்கு இப்போது எழுதாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்தாம் தேதி கழியட்டும். அதற்குப் பிறகு நீ என்ன செய்தாலும் நான் தடுக்க மாட்டேன். பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டி வந்துவிட்டது, நேற்று வந்து பார்க்கச் சொன்னார்கள், போய்ப் பார்த்தேன். ஐந்து நாள் முன்னேபின்னே ஆவதால் என்ன கெட்டுப்போகும்? முயல் புத்திசாலி, முதல் வெடிச் சத்தத்திலேயே ஓடிவிடும்.

உன் அண்ணன் பொய் எழுதவில்லை. அதை மட்டும் நம்பு. எப்படி, என்ன என்று என்னைக் கேட்காதே.

அண்ணி

------

மலை முகாம்,
செப்டம்பர் 21

அண்ணி,

முயல் ஓடிவிடுமா? நீங்களா இதை எழுதுவது? பதினெட்டு வருஷம் முயல் தோலைக் கையில் வைத்திருந்தவர்! குழி தோண்டிப் போய் ஒளிந்துகொள்ள இது வீட்டு முயல் இல்லை. ஆபத்து என்றால் புல்லை அழுத்திப் படுத்துக்கொள்ளும். ஆள் ஐந்தடியில் வந்து நின்றால்தான் எழுந்து ஓடும். துப்பாக்கிக்கு அது போதாதா?

நீங்கள் எழுதாதே என்றாலும் நான் போனேன். வட்டார அதிகாரி நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார், எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, அறிக்கை உங்களுது. அதை நம்பித்தான் உத்தரவு போட்டது. இப்ப நீங்களே வந்து நான் எழுதினது தப்புன்னு சொல்றீங்க. நாளைக்கு மறுபடி வந்து அது சரிதான்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். அட்டையில் குத்திய காதைக் காட்டினேன். "ஒரே ஒரு காது" என்றார். மண்டையோடு எங்கே என்றார். உங்களிடம் இருக்கிறது என்றேன். "புத்தகம் எழுதினவரோட மூலச் சீட்டு கொண்டுவாங்க. இல்லேன்னா அட்டவணை தப்புன்னு அருங்காட்சியகத்திலேருந்து ஒரு காகிதம் வாங்கிட்டு வாங்க. தலைமை அலுவலகத்துல கொடுத்தா அவங்க நிறுத்துவாங்க. என் கையில இல்ல."

ஆக, எல்லாம் உங்கள் கையில். அந்த ஒரு காகிதத்தை நீங்கள்தான் எழுத முடியும்.

நேற்று மரக்கன்று வைத்திருக்கும் ஒருவர் தோட்டாப் பெட்டிகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாகக் கும்பிட்டு, "உங்க புண்ணியத்துல மரம் பிழைக்கும்" என்றார். ஓடிவந்துவிட்டேன்.

பொய் எழுதவில்லை, ஆனால் எப்படி என்று கேட்காதே என்கிறீர்கள். மென்று முழுங்காதீர்கள் அண்ணி. எனக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. சீட்டு அனுப்பாவிட்டால், இந்த ஞாயிற்றுக்கிழமை நானே தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிடுவேன்: என் அண்ணன் தெரிந்தே பொய் அளவுகளை அச்சிட்டான், தங்கையான நான் அதற்குச் சாட்சி என்று. அப்படி எழுதினாலாவது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவன் பெயரை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

------

வீடு,
செப்டம்பர் 26

கண்ணு,

எழுதாதே. எழுதியிருந்தால் கிழித்துப் போடு. இதை முழுக்கப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

அளந்தது உன் அண்ணன் இல்லை. நான்.

கடைசி மூன்று மாதம் அவர் படுக்கையை விட்டு எழவில்லை, உனக்குத் தெரியும், நீ வந்து வந்து போனாய். அச்சகத்திலிருந்து அட்டவணை எங்கே, அட்டவணை எங்கே என்று ஆள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம், "சீட்டெல்லாம் என் மேசைல அட்டைப்பெட்டியில இருக்கு. நீ எடுத்து வரிசையா எழுதிக் கொடுத்துடு, அது போதும்" என்றார். நான் போனேன். அதற்கு முந்தின வாரம் நான்தான் அருங்காட்சியகத்தில் அவர் மேசையைத் துடைத்து ஒழுங்கு பண்ணுகிறேன் பேர்வழி என்று அந்தப் பெட்டியைத் தூக்கி, கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்திருந்தேன். குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பெட்டி தொப்பலாக நனைந்து, சீட்டெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் 'பென்சிலால் எழுது, மை அழியும்' என்று பாடம் எடுத்தவர், தான் மட்டும் மைப்பேனாவில் எழுதியிருந்தார். தொண்ணூற்றிரண்டு சீட்டில் பதினொன்றைத்தான் படிக்க முடிந்தது.

அவரிடம் எப்படிச் சொல்வது? மூச்சு விடவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த மனுஷனிடம் போய், உங்கள் பன்னிரண்டு வருஷத்தையும் நான் தொட்டிக்கடியில் வைத்து ஊறப்போட்டுவிட்டேன் என்றா? அந்த முயல்கள் எல்லாம் தோலாக இழுப்பறையில் இருந்தன. அவற்றைக் காய வைத்தவளே நான்தான். அளவுகோலை எடுத்தேன். நாலு நாளில் தொண்ணூற்றிரண்டையும் அளந்து முடித்தேன்.

காய்ந்தால் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். என்னை விட அது யாருக்குத் தெரியும்? நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு இனமும் ஒரே மாதிரிதானே சுருங்கும்? மேட்டு முயல் சின்னது, வயல் முயல் பெரியது; காய்ந்தாலும் சின்னது சின்னதுதான், பெரியது பெரியதுதான், நடுவில் உள்ள வித்தியாசம் எங்கே போய்விடும் என்று. யாரோ ஒருத்தி மலையில் உட்கார்ந்து, உயிருள்ள காதின் மேல் அந்த எண்ணை வைத்துப் பார்ப்பாள் என்று என் மண்டையில் ஏறவில்லை. நான் தோலோடு வேலை செய்கிறவள். எனக்கு முயல் என்றாலே தோல்தான். முன்னுரை முன்பே அச்சாகியிருந்தது. அதைத் தொடாமல் விட்டேன்.

இதோடு நின்றிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இன்னும் இருக்கிறது.

அட்டவணையை அவர் பார்த்தார். தலையணையில் சாய்த்து உட்கார வைத்துக் கையில் கொடுத்தேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "காது எல்லாம் கொஞ்சம் சின்னதா இருக்கே" என்றார். நான் தலையணையைச் சரிசெய்தேன். "நூறுங்கிற எண்தான் என் மனசுல இருக்கு. நூறுக்குக் கீழ மேட்டு முயல், மேல வயல் முயல். அப்படித்தானே நினைச்சிட்டிருந்தேன்?" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "சீட்டுல இருக்கிறதைத்தான் எழுதினேன். உங்க கையெழுத்து, எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப எனக்குத்தான் புத்தி தடுமாறுது போல. மருந்து அப்படி" என்றார். ஐம்பத்திரண்டாம் பக்கத்து அச்சுப்படியில் நூறு என்று இருந்த இடத்தில் அட்டவணையைப் பார்த்து அவரே தன் கையால் எண்பத்தெட்டு என்று திருத்தினார். புத்தகம் வந்து மூன்றாவது வாரம் போய்விட்டார்.

போகிற வரையில் தனக்கு நினைவு தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டே இருந்தார். அடிக்கடி நாள் என்ன, கிழமை என்ன என்று கேட்டுச் சரிபார்த்துக்கொள்வார். நீ வந்தபோது உன் பிறந்த நாளைச் சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அது நான் செய்த வேலை. அவர் நினைவு கடைசி வரையில் சரியாகத்தான் இருந்தது.

நோட்டு ஏன் தரவில்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ வந்து கேட்ட அன்று காலையில்தான் நான் அதைப் பிரித்துப் படித்திருந்தேன். 'மேட்டு முயல், காது தொண்ணூற்றாறுக்கு மேல் இதுவரை பார்த்ததில்லை' என்று தெளிவாக எழுதியிருந்தார். என் அட்டவணையில் எல்லாமே எண்பத்தைந்துக்குள். நீ அழு என்று கத்தினாய். அழத்தான் செய்தேன், நீ நினைத்த காரணத்துக்காக இல்லை.

நேற்றுக் காலை இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏம்மா, இதை அடுத்த வாரம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். போன வாரம் நான் உனக்கு எழுதியதும் அதேதான் என்பதால் அவர் மேல் கோபம் வரவில்லை. பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார். காகிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அட்டவணை தப்பு, அளந்தது ஆசிரியர் இல்லை, அவர் மனைவி, அவருக்குத் தெரியாமல் என்று நானே வாசகம் சொன்னேன். அதையும் மண்டையோட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு நேரில் போனேன். வாங்கிக்கொண்டார்கள். நடுவில் இரண்டு நாள் விடுமுறை வருகிறது, அதற்குப் பிறகு உத்தரவு மலைக்குப் போய்விடும் என்றார்கள். ஒன்றாம் தேதிக்குள் வந்துவிடுமா என்று கேட்டேன். வந்துவிடும் என்றுதான் சொன்னார்கள்.

அண்ணி

------

மலை முகாம்,
அக்டோபர் 2

அண்ணி,

உத்தரவு வந்தது. நேற்றுக் காலை பதினொன்றே காலுக்கு.

ஆறு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். உங்கள் கடிதம் முந்தாநாளே எனக்கு வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்கு ஓடினேன், "தலைமை அலுவலகத்திலேருந்து எனக்கு இன்னும் வரலியே அம்மா" என்றார் அதிகாரி. விடிவதற்கு முன்பே போய்ச் சரிவில் பாதையை மறித்து உட்கார்ந்தேன். காவலரும் வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு வேலை போயிருக்கும், தெரிந்தேதான் நின்றார். அவர்கள் எங்களை ஒன்றும் செய்யவில்லை. சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக ஏறிப் போனார்கள். அன்றைக்குக் கும்பிட்ட அதே மனுஷர் நின்று, "நீதானேம்மா சுடலாம்னு எழுதிக் கொடுத்தே?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்கு அதிகாரியே வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். நிறுத்தினார்கள். அதையும் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நிறுத்தினார்கள். சுட்டதையெல்லாம் கொண்டுவந்து தார்ப்பாயில் கிடத்தினார்கள். முப்பத்தேழு.

எல்லாவற்றையும் அளந்தேன். காது காய்வதற்குள் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. எண்பத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றாறு வரை. தொண்ணூற்றாறைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. அண்ணன் பார்த்ததில்லை என்றானே, நானும் பார்க்கவில்லை. அவன் நினைவு மில்லிமீட்டர் பிசகவில்லை. அதை அவனிடம் சொல்ல எனக்கு வழி இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

உங்களைத் திட்டிக் கடிதம் எழுதி எழுதி மூன்றைக் கிழித்துவிட்டேன். அண்ணனைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்கு எழுதியதை அனுப்பவே இல்லை, அதையும் கிழித்தேன். குழாய் ஒழுகியதற்கு யாரும் பொறுப்பு இல்லை. காய்ந்த தோலை அளந்ததைக்கூடப் புரிந்துகொள்கிறேன், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அளந்திருப்பேனோ என்னவோ. ஆனால் அவன் உங்கள் முகத்தைப் பார்த்து, நூறு என்று நினைத்தேனே என்று கேட்டபோது, உங்களால் எப்படி முடிந்தது? பதினெட்டாம் தேதி எனக்கு 'பொறு' என்று எழுதியபோதும் எப்படி முடிந்தது? அன்றே நீங்கள் அலுவலகம் போயிருந்தால் இந்த முப்பத்தேழும் இன்று புல்லில் படுத்திருக்கும். சரி, நானும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்தொரு உயிருள்ள முயல் சொன்னதை நம்பாமல் ஒரு பக்க அச்சு சொன்னதை நம்பினேன். எனக்கும் பங்கு உண்டு. எத்தனை பங்கு என்று பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

துறை புதிய அட்டவணை கேட்கிறது. இந்த மலையிலும் சமவெளியிலும் உயிரோடு பிடித்து, அளந்து, விட்டு, இரண்டு பேர் கையெழுத்தோடு. ஒருவர் அளக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். துணைக்கு ஆள் கேட்டேன், இல்லை என்றார்கள். நீங்கள் வாருங்கள். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள், நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. வருவேனா என்றும் தெரியாது. இரண்டு இனத்தையும் கையில் எடுத்துப் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்தது இப்போது நீங்கள் ஒருவர்தான். முழங்காலுக்குத் தைலம் எடுத்து வாருங்கள், இங்கே குளிர்.

நாத்தனார்

------

வீடு,
அக்டோபர் 6

கண்ணு,

வியாழக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன். விடுப்பு ஒரு மாதம் கேட்டேன், இயக்குநர் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என்னைக் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும் போல அவருக்கு.

நீ கேட்டாயே, அந்த நிமிஷம் எப்படி முடிந்தது என்று நானும் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் கேட்டபோது அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை.

அங்கே நான் அளக்க மாட்டேன். அளவுகோலைத் தொடவே மாட்டேன். நீ அளந்து எண்ணைச் சொல்லு. நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். எழுதியதை நீ ஒரு தரம் பார்த்துவிடு, அதற்குப் பிறகுதான் முயலை விடலாம். நான் எழுதியதில் ஏதாவது உனக்குக் கொஞ்சம் சின்னதாகத் தோன்றினால் உடனே சொல்லு. உன் மனதில் இருக்கும் எண்ணையே நம்பு. நான் வாதாட மாட்டேன். மறுபடி அளக்கலாம்.

அண்ணி